சேமி பட்டனை அழுத்தினீங்களா, அக்கா?

முதல் குரல்பதிவு ஒரு செவ்வாய்க்கிழமை இரவு வந்தது. "தம்பி, அந்தப் பாரம் திரும்பவும் காணாம போயிருச்சு. முக்கால் மணி நேரம் உட்கார்ந்து அடிச்சேன். அந்த அம்மாவை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிட்டேன்." பின்னணியில் மின்விசிறியின் கடகடப்பு. நான் பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாம் வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். சோற்றுக் கையை விட்டுவிட்டு மற்ற கையால் பதில் தட்டினேன்: "சேமி பட்டனை அழுத்தினீங்களா, அக்கா?"

இன்றைக்கும் அதை நினைத்தால் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் ஒரு கடைவீட்டு மாடியில் இயங்கும் சிறிய உதவி அமைப்பு அது. பெயர் வேண்டாம். பி40, அதாவது மலேசியாவில் வருமானத்தில் கீழே உள்ள 40 விழுக்காட்டுக் குடும்பங்களுக்குப் பள்ளிச் செலவு, மருந்துச் செலவு, தீபாவளி நேரத்தில் மளிகைப் பொருள் என்று தங்களால் முடிந்ததைச் செய்கிறார்கள். விண்ணப்பங்கள் எல்லாம் காகிதத்தில் கிடந்தன. கணினிக்கு மாற்றித் தரச் சொன்னார்கள். தெரிந்தவர்கள் என்பதால் குறைந்த காசுக்கு, மூன்றே வாரத்தில், இணையப் பக்கங்களுக்கான பிஎச்பி நிரல்மொழியில் ஒரு படிவம் செய்து கொடுத்தேன். அக்கா "பாரம்" என்றது அதைத்தான். குடும்பத் தலைவர், குடும்ப உறுப்பினர்கள், வீடு, வருமானம், கடைசியாகக் கரண்ட் பில்லின் படம் என்று ஐந்து பகுதிகள். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் "சேர்" என்ற பட்டனை அழுத்தினால் புது வரிசை ஒன்று முளைக்கும். அந்த வரிசை முளைக்கிற அழகைக் காட்டித்தான் கமிட்டியிடம் பெயர் வாங்கினேன். பின்னால் என் தலையைத் தின்றதும் அதுதான்.

அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா பல வருடம் தொழிற்சாலை ஒன்றில் கணக்குப் பிரிவில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர். தட்டச்சில் என்னைவிட வேகம். யாராவது உதவி கேட்டு வந்தால் முதலில் ஒரு 555 புத்தகத்தில் குறித்துக்கொள்வார். மளிகைக் கடைக் கடனுக்கு வைத்திருப்பார்களே, அதே சின்னப் புத்தகம். அப்புறம்தான் கணினிப் பக்கம் திரும்புவார். 'இன்னும் காகிதத்தை விடமாட்டேன் என்கிறாரே' என்று நான் உள்ளுக்குள் சிரித்ததுண்டு.

இரண்டாவது முறை புகார் வந்தபோது சர்வரின் பிழைப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். சுத்தமாக இருந்தது. தரவுத்தளத்தில் அரைகுறையாக எதுவும் இல்லை. பதிவேட்டில் இல்லை என்றால் நடக்கவே இல்லை என்று நினைப்பது எங்கள் தொழிலில் உள்ள வியாதி. சர்வர் வரை எதுவும் வந்து சேரவில்லை என்றால், தொலைந்தது அதற்கு முன்னால், பிரவுசருக்குள் என்றுதானே அர்த்தம்? அப்போது எனக்கு அது தோன்றவில்லை. "கவனமாகப் பாருங்கக்கா" என்று ஒரு பொன்மொழியை அனுப்பிவிட்டுத் தூங்கப் போனேன்.

மூன்றாவது முறை கமிட்டித் தலைவர் ஐயாவே கூப்பிட்டார். கோபப்படவில்லை. "நேர்ல வந்து ஒரு நாள் பார்த்துட்டுப் போப்பா" என்றார். மோட்டார் சைக்கிளை ஃபெரியில் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போனேன்.

*

அக்காவுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) வந்தது. வாயைத் திறக்கக்கூடாது என்பது நானே போட்டுக்கொண்ட நிபந்தனை. அது எவ்வளவு கஷ்டம் என்பது நிரல் எழுதுகிறவர்களுக்குத் தெரியும். "அங்கே இல்ல, இங்கே" என்று விரல் தானாக நீள்கிறது.

எதிரில் பிளாஸ்டிக் பை நிறையக் காகிதத்தோடு ஒரு பாட்டி. அக்கா தலைவர் பகுதியை முடித்தார், நான்கு உறுப்பினர்களைச் சேர்த்தார், வருமானப் பகுதிக்கு வந்தார். மகன் வெளியூரில் வேலை, எப்போதாவது பணம் அனுப்புவான் என்றார் பாட்டி. அதை வருமானத்தில் சேர்ப்பதா வேண்டாமா? பக்கத்திலேயே நான் வைத்திருந்த "விதிமுறைகள்" என்ற இணைப்பை அக்கா சொடுக்கினார், படித்தார், பின்னால் போகும் அம்புக்குறியை அழுத்தினார்.

படிவம் வெள்ளையாக வந்தது. ஒரு எழுத்துகூட இல்லை.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

என் மடிக்கணினியில் அதே படிவத்தைத் திறந்து, அதே மாதிரி நிரப்பி, அதே இணைப்புக்குப் போய்த் திரும்பினேன். தலைவர் பெயர் இருந்தது, வீட்டு முகவரி இருந்தது. இரண்டிலும் ஃபயர்ஃபாக்ஸ்தான், ஒரே பதிப்பு. ஒரே நிரல், ஒரே பிரவுசர், இரண்டு விதமான பதில். மதியம் வரை இதிலேயே போனது.

பிரவுசரின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு பக்கத்தோடும் சர்வர் சேர்த்து அனுப்பும் குறிப்புகளான தலைப்புவரிகளை இரண்டு கணினியிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் பிடி கிடைத்தது. அலுவலகக் கணினிக்கு வந்த பக்கத்தின் காலாவதித் தேதி 1981 நவம்பர் 19, வியாழக்கிழமை. நான் பிறப்பதற்கும் முந்தைய தேதி. கூடவே, சேமித்து வைக்காதே என்னும் "நோ-ஸ்டோர்" கட்டளை. இதை நான் எழுதவே இல்லை. பிஎச்பியில் உள்நுழைவுக்காக செஷனை (உள்ளே வந்தவர் யார் என்று சர்வர் வைத்துக்கொள்ளும் நினைவை) தொடங்கினால், வேறு ஏதும் சொல்லாதவரை, இந்த இரண்டையும் அதுவே சேர்த்து அனுப்பும். அந்த 1981 தேதியும் அதன் நிரலிலேயே இருக்கிறது. என் மடிக்கணினியிலோ, ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் தட்ட அலுப்புப்பட்டு உள்நுழைவு வரியை நானே மறைத்து வைத்திருந்தேன். செஷன் இல்லை, அதனால் கட்டளையும் இல்லை. நான் சோதித்தது ஒரு படிவத்தை, அக்கா புழங்கியது இன்னொரு படிவத்தை.

நாம் பின்னால் போய்த் திரும்பும்போது பிரவுசர் இரண்டு வழிகளில் உதவ முடியும். ஒன்று, பழைய வழி: பெட்டிகளில் இருந்த எழுத்துகளை மட்டும் நினைவில் வைத்திருந்து, பக்கத்தைத் திரும்ப ஏற்றியதும் அந்தந்தப் பெட்டியில் போட்டுவிடும். இன்னொன்று, முழுப் பக்கத்தையும் உயிரோடு உறையவைத்து அப்படியே எடுத்து வைப்பது. பேக்-ஃபார்வர்ட் கேஷ் என்பார்கள். ஃபயர்ஃபாக்ஸில் இது 2005-இல் வந்த 1.5 பதிப்பிலிருந்து இருக்கிறது. மேசைக்கணினிக் குரோமில் 2021-இன் இறுதியில் வந்த 96-ஆம் பதிப்பில்தான் வந்தது. "நோ-ஸ்டோர்" என்று சர்வர் சொல்லிவிட்டால் ஃபயர்ஃபாக்ஸ் இந்த இரண்டையும் செய்யாது. 'இதை எங்கேயும் வைக்காதே' என்ற கட்டளைக்கு அது கீழ்ப்படிகிறது, அவ்வளவுதான்.

சரி, அந்தக் கட்டளையை எடுத்துவிட்டேன். தலைவர் பகுதி திரும்பி வந்தது. ஆனால் நான்கு உறுப்பினர்களையும் காணோம்! ஏனென்றால் அந்த வரிசைகள் சர்வர் அனுப்பிய பக்கத்தில் இல்லை. "சேர்" பட்டனை அழுத்திய பிறகு பிரவுசருக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் உண்டாக்கியவை. பிரவுசர் எழுத்துகளைத் திரும்பப் போட வரும் நேரத்தில் அந்தப் பெட்டிகளே கிடையாது. அப்படியானால் உறையவைக்கும் இரண்டாவது வழி ஏன் வேலை செய்யவில்லை? பழைய வேலை ஒன்றிலிருந்து நான் வெட்டி ஒட்டிய நிரலில் பக்கத்தை விட்டுப் போகும்போது வரும் "அன்லோட்" நிகழ்வுக்குக் காதுகொடுக்கும் ஒரு வரி இருந்தது. மேசைக்கணினியில் ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் அந்த வரி உள்ள பக்கங்களை உறையவைக்க மறுத்துவந்தன. எதற்காக அந்த வரி என்றே எனக்கு ஞாபகமில்லை. நீக்கினேன். அழகாக எல்லாம் திரும்பி வந்தது, முளைத்த வரிசைகள் உட்பட.

அக்காவிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் ஒரு கேள்வி கேட்டார். "அப்ப நான் வெளியேறிட்டுப் போன பிறகு, வேற யாராவது வந்து இந்த அம்புக்குறியை அழுத்தினா?"

அழுத்திப் பார்த்தோம். பாட்டியின் அடையாள அட்டை எண், முகவரி, மகன் அனுப்பும் பணம் எல்லாம் திரையில் வந்து நின்றன. அந்தக் கணினியில்தான் தொண்டூழியர்கள் அச்செடுக்கிறார்கள், பக்கத்துக் கடைப் பையன்கூட எப்போதாவது வந்து உட்காருவான்.

"நோ-ஸ்டோர்" கட்டளையைத் திரும்ப வைத்தேன். அரைநாள் துப்பறிந்து கண்டுபிடித்ததை ஒரு கேள்வியில் தள்ளுபடி செய்ய வேண்டியதாயிற்று. ஆனால் அதுதான் சரி. விதிமுறைகள் புதிய தாவலில் திறக்கும்படி மாற்றினேன். அது ஐந்து நிமிட வேலை. மற்றபடி, தட்டியதைப் பாதுகாப்பது பிரவுசரின் தயவில் விடக்கூடிய காரியம் இல்லை, அதை நான்தான் செய்தாக வேண்டும் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

*

இதோடு முடிந்தது என்று நினைத்து ஃபெரி ஏறினேன். இரண்டே நாளில் மறுபடி குரல்பதிவு. இந்த முறை "அழுத்தினீங்களா" என்று கேட்கவில்லை. "போனதும் திரையில என்னக்கா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

அந்த ஒரு கேள்விக்கு நான் பட்ட பாடெல்லாம் தகும். என்ன போனது என்று கேட்டால் எல்லோரும் "எல்லாம் போச்சு" என்றுதான் சொல்வார்கள். மிச்சம் என்ன இருந்தது என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்வார்கள். காரணமும் அதிலேயே இருக்கும்.

"உள்ளே நுழையச் சொல்லிக் கேட்டுச்சு, தம்பி. நுழைஞ்சேன். வெறும் பாரம்."

அப்படியென்றால் இது வேறு வியாதி. பிஎச்பி செஷனின் இயல்பான ஆயுள் 1440 விநாடி, அதாவது 24 நிமிடம். பாட்டியோடு பேசிப் பேசி அக்கா ஒரு படிவத்தை நிரப்ப முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை சர்வர் பக்கம் எந்த அசைவும் இல்லை. 25-ஆவது நிமிடம் சேமியை அழுத்தினால் சர்வருக்கு அக்கா யாரென்றே தெரியாது. உள்நுழைவுப் பக்கத்துக்குப் போ என்று 302 என்ற எண்ணோடு திருப்பி அனுப்பும். தகவலை அனுப்பும் போஸ்ட் முறையில் போன கோரிக்கைக்கு 302 பதிலாக வந்தால் பிரவுசர் அடுத்த கோரிக்கையை, பக்கத்தை மட்டும் கேட்கும் கெட் முறைக்கு மாற்றிக்கொள்ளும். சுமந்துகொண்டு போன தகவல் மூட்டையை வழியிலேயே இறக்கிவிடும். பதிவேட்டில் இதற்குத் தடயம் இருந்தது. பிழைப் பதிவேட்டில் அல்ல, வந்த கோரிக்கைகளைக் குறித்துவைக்கும் வருகைப் பதிவேட்டில். சர்வரைப் பொறுத்தவரை இது பிழையே இல்லை. நான் முன்பு பார்த்தது தப்பான கோப்பை.

"ஆனா போன வாரம் ஒரு மணி நேரம் ஆகியும் ஒண்ணும் ஆகலையே?" என்று அக்கா கேட்டதற்கும் விடை உண்டு. ஆயுள் முடிந்த செஷன்களை பிஎச்பி உடனே கூட்டித்தள்ளுவதில்லை. இயல்பு அமைப்பில், செஷன் தொடங்கும் ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு ஒன்று என்ற வாய்ப்பில்தான் குப்பைக்காரர் வருவார். ஆள் நடமாட்டம் குறைந்த தளத்தில் அவர் மணிக்கணக்கில் வராமலும் இருப்பார். அதனால்தான் இந்தக் கோளாறு சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை. சில நாள் மட்டும் வருகிற கோளாறைத்தான் நாம் "யூசர் பிழை" என்று எழுதி மூடிவிடுகிறோம்.

தீர்வு கடினமில்லை. யாராவது தட்டிக்கொண்டிருக்கும்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்வருக்கு "இன்னும் இருக்கிறேன்" என்று ஒரு சின்னச் செய்தி போகும். அதையும் மீறி செஷன் போய்விட்டால் பக்கத்தை விட்டு நகராமல், மேலேயே ஒரு சிறு பெட்டி திறந்து கடவுச்சொல் கேட்கும். படிவம் கீழே அப்படியே காத்திருக்கும்.

*

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு இதற்கு அடுத்தது. பிடித்த என்று சொல்வது அக்காவுக்குத் தெரிந்தால் திட்டுவார்.

"அஞ்சு பிள்ளைங்க உள்ள குடும்பம். சேமிச்சுட்டுப் பார்த்தா மூணுதான் இருக்கு. அந்தப் பாரத்துல ஏதோ இருக்கு தம்பி, எலுமிச்சம்பழம் கட்டணும் லா."

மற்ற எல்லாம் சரியாக இருந்தன. தலைவர், வருமானம், முகவரி. உறுப்பினர்களில் மட்டும் குறைவு. அதுவும் எப்போதும் மேலே இருக்கும் பிள்ளைகள்தான் காணாமல் போனார்கள், கடைக்குட்டிகள் பத்திரமாக இருந்தார்கள். மூத்த பிள்ளையை மட்டும் விழுங்கும் படிவம்!

திரும்பவும் ஃபெரி, திரும்பவும் பிளாஸ்டிக் நாற்காலி. இந்த முறை திரையைப் பார்க்காமல் அக்காவின் விரல்களைப் பார்த்தேன். ஒரு பெட்டியில் எண்ணைத் தட்டியதும் வலது சுண்டுவிரல் தானாகப் போய் என்ட்டரை அழுத்தியது. அப்புறம் மவுசை எடுத்து அடுத்த பெட்டியைச் சொடுக்கினார். தொழிற்சாலையில் அவர் புழங்கிய பழைய கணக்கு மென்பொருளில் என்ட்டர் அடித்தால்தான் அடுத்த கட்டத்துக்குப் போகும். அத்தனை வருடத்துப் பழக்கம். என் படிவத்தில் ஒன்றும் நடக்காதது போலத் தெரிந்ததால் மவுசையும் சேர்த்துக்கொண்டார்.

ஆனால் நடந்தது. படிவத்துக்குள் எழுத்துப் பெட்டி ஒன்றில் என்ட்டர் அடித்தால், பிரவுசர் அந்தப் படிவத்தின் முதல் சமர்ப்பிப்பு பட்டனைச் சொடுக்கியதாக எடுத்துக்கொள்ளும். இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல்லில் ஒரு பட்டனின் வகையைச் சொல்லாமல் விட்டால் அது சமர்ப்பிப்பு பட்டன்தான். என் படிவத்தில் மேலிருந்து வரும் முதல் சமர்ப்பிப்பு பட்டன் எது? முதல் உறுப்பினரின் வரிசையில் இருக்கும் "நீக்கு". அதற்கு நான் வகை எழுதவில்லை. அக்கா கீழே வருமானப் பகுதியில் இருந்துகொண்டு என்ட்டர் அடிக்க, திரைக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மூத்த பிள்ளை காலி. இன்னொரு என்ட்டருக்கு அடுத்த பிள்ளை.

உறுப்பினர் யாரும் இல்லாத, தனியாக வாழும் முதியவர் என்றால் முதல் சமர்ப்பிப்பு பட்டன் "சேமி" ஆகிவிடும். பாதி விண்ணப்பம் சர்வருக்குப் போய்விடும். அதுவரை நாங்கள் "சிலர் இரண்டு தடவை விண்ணப்பிக்கிறார்கள்" என்று அந்த முதியவர்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம்.

"நீக்கு" பட்டனுக்கு, இது வெறும் பட்டன் என்று வகை குறிக்கும் ஒரே ஒரு பண்பைச் சேர்த்தேன். என்ட்டர் அடித்தால் அடுத்த பெட்டிக்குப் போகும்படியும் செய்தேன். இரண்டாவதைச் செய்வது நல்ல வடிவமைப்பு இல்லை என்று சக நிரலாளர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். அக்காவின் சுண்டுவிரலை மாற்றுவதைவிட என் நிரலை மாற்றுவது சுலபம்.

*

கைப்பேசியில் வீடு வீடாகப் போகும் தொண்டூழியர்களின் கதை தனி. பட்டர்வொர்த்துக்கு அடுத்த பிறை என்ற ஊர்ப் பக்கம் அடுக்குமாடிகளில் போய்ப் படிவம் நிரப்பும் இளைஞர் ஒருவர் "படம் எடுத்துட்டு வந்தா எல்லாம் வெள்ளையா இருக்குண்ணே" என்றார். என் கைப்பேசியில் இருபது தடவை முயன்றும் அப்படி ஆகவில்லை. கடைசியில் இரண்டு நாளைக்கு அவருடையதை நான் வாங்கிக்கொண்டு என்னுடையதை அவரிடம் கொடுத்தேன். அவருடையது 2 ஜிபி நினைவகம் உள்ள பழைய ஆண்ட்ராய்டு. நான்கில் ஒரு தடவையாவது ஆனது. கேமரா திறக்கும்போது அதற்கு நினைவகம் போதாது. பின்னால் காத்திருக்கும் பிரவுசரை ஆண்ட்ராய்டு பலிகொடுத்துவிடும். படம் எடுத்துத் திரும்பும்போது பிரவுசர் புதிதாக எழுந்து பக்கத்தை ஆரம்பத்திலிருந்து ஏற்றும்.

இதற்குத் தொழில்நுட்பத் தீர்வு தேடிக்கொண்டிருந்தபோது அந்த இளைஞரே சொன்னார்: "படத்தை ஏண்ணே கடைசியில வெச்சிருக்கீங்க? முதல்ல வெச்சா போறதுக்கு ஒண்ணுமே இருக்காதே." அப்படியே செய்தோம். கரண்ட் பில் முதல் பகுதியானது. எடுத்த கையோடு படம் சர்வருக்கு ஏறிவிடும். அது இன்னொரு காரணத்துக்காகவும் நல்லது. எழுத்துப் பெட்டிகளை நிரல் திரும்ப நிரப்பிவிட முடியும், ஆனால் பயனரின் கருவியில் இருக்கும் ஒரு கோப்பைத் தானாக எடுத்துவர எந்தப் பக்கத்துக்கும் அனுமதி கிடையாது. படம் ஏறாமல் போனால் திரும்பக் கேட்பதைத் தவிர வழியில்லை.

கைப்பேசியில் மேலிருந்து கீழே இழுத்தால் பக்கம் புதுப்பித்துக்கொள்வது இன்னொரு தொல்லை. பெயரைச் சரிபார்க்க வேகமாக மேலே தள்ளுகிற விரல் கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் போச்சு. "ஓவர்ஸ்க்ரோல்" நடத்தையைக் கட்டுப்படுத்தும் ஒரு வரியை, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் சேர்த்தால் குரோமில் அது நின்றுவிடும்.

சேமித்த பிறகு ஒரு கட்டம் மட்டும் வெறுமையாகத் தெரிந்ததும் உண்டு. அடையாள அட்டை எண்ணுக்கு எண் வகைப் பெட்டி வைத்திருந்தேன். அக்கா கோடுகளோடு, ஆறு, இரண்டு, நான்கு என்று பிரித்து அடிப்பார். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறோம். நடுவில் கோடு இருந்தால் அது எண்ணே இல்லை என்று பிரவுசர் முடிவுகட்டி, கேட்கும் நிரலுக்கு ஒன்றுமில்லாத வெற்று உரையைக் கொடுக்கும். திரையில் என்னவோ எண் முழுசாகத் தெரிந்துகொண்டே இருக்கும். கோடில்லாமல் அடித்தாலும் 2000-க்கும் 2009-க்கும் இடையில் பிறந்தவர்களின் எண் பூஜ்யத்தில் தொடங்குகிறது. அதை எண்ணாக மாற்றினால் முதல் பூஜ்யம் உதிர்ந்துவிடும். அடையாள அட்டை எண்ணும் தொலைபேசி எண்ணும் கூட்டிக் கழிக்கிற எண்கள் அல்ல. எழுத்து வகைப் பெட்டி வைத்து, கைப்பேசியில் எண் விசைப்பலகை மட்டும் வரும்படி சொன்னால் போதும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். குறிப்பு எழுதும் பெட்டிக்கு 200 எழுத்து என்று வரம்பு வைத்திருந்தேன். தொண்டூழியர்கள் தமிழில் எழுதிய குறிப்புகள் பாதி வாக்கியத்தில் நின்றன. பிரவுசர் எண்ணுவது நம் எழுத்துகளை அல்ல, அவற்றுக்குள் இருக்கும் குறியீடுகளை. "தமிழ்" நமக்கு மூன்று எழுத்து, அதற்கு ஐந்து. "கோவிந்தசாமி" நமக்கு ஆறு, அதற்குப் பதினொன்று. வரம்பை மூன்று மடங்காக்கினேன்.

*

கடைசியில் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வலையாக வரைவுச் சேமிப்பை வைத்தேன். தட்டுவது நின்று இரண்டு விநாடி ஆனதும் படிவம் தானாக சர்வருக்குப் போய் வரைவாக உட்காரும். பிரவுசர் அந்தக் கருவியிலேயே வைத்துக்கொள்ளும் லோக்கல் ஸ்டோரேஜில் வைப்பது இன்னும் சுலபம், இணையம் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். ஆனால் ஊரார் அடையாள அட்டை எண்களைப் பொதுக் கணினியில் பூட்டில்லாமல் போட்டுவைக்க எனக்கு மனமில்லை. சொந்தக் கைப்பேசியில் தன் விவரத்தைத் தானே நிரப்புகிற படிவம் என்றால் அதையே செய்திருப்பேன்.

பக்கத்தை மூடும்போது "இன்னும் சேமிக்கவில்லை" என்று எச்சரிக்கும் வசதியும் உண்டு. அதற்காக நல்ல தமிழில் ஒரு வாக்கியம் யோசித்து எழுதினேன். அதை யாருமே பார்க்க மாட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. குரோம் 2016-இலிருந்து நம் வாசகத்தை விட்டுவிட்டுத் தன்னுடைய பொதுவான வாசகத்தைத்தான் காட்டுகிறது. ஐஃபோன் சஃபாரியில் அந்த எச்சரிக்கையே வராது. கைப்பேசியில் செயலியை மேலே தள்ளி மூடினால் எந்த பிரவுசரிலும் அதை நம்ப முடியாது. நம்பக்கூடிய கடைசி அறிகுறி, பக்கம் கண்ணிலிருந்து மறையும்போது வரும் "விசிபிலிட்டி சேஞ்ச்" நிகழ்வு. கேமராவுக்குப் போனாலும் வாட்ஸ்அப்புக்குப் போனாலும் அது வரும். அந்த நொடியில், பக்கம் போய்விட்டாலும் தகவலை அனுப்பிவிடும் "செண்ட் பீக்கன்" வழியாக வரைவை அனுப்புகிறேன். அது ஏறத்தாழ 64 கேபி வரை தாங்கும், எழுத்துக்குத் தாராளம்.

இதிலும் நான் ஒரு குழி வெட்டி நானே விழுந்தேன். முதல் பதிப்பில் பக்கம் திறந்து இரண்டு விநாடியில், யாரும் எதையும் தட்டாமலேயே, தானியங்கிச் சேமிப்பு ஓடியது. ஏதோ காரணத்தால் பக்கம் வெள்ளையாக ஏறினால், அந்த வெள்ளையைக் கொண்டுபோய் நல்ல வரைவின் மேல் பூசிவிட்டது. முன்பெல்லாம் பிரவுசர் தொலைத்தது, இப்போது நானே பொறுப்பாகத் தொலைத்தேன். ஒரு நாள் காலையில் மூன்று குடும்பங்கள் போயின. 555 புத்தகம் இருந்ததால் பிழைத்தோம். இப்போது யாராவது ஒரு பெட்டியையாவது தொட்ட பிறகுதான் சேமிப்பு தொடங்கும். பழைய வரைவின் மேல் எழுதாமல் கடைசிப் பத்து வரைவுகளைத் தனித்தனியாக வைத்திருக்கிறேன். படிவத்தின் தலையில் "வரைவு 3:42-க்குச் சேமிக்கப்பட்டது" என்று ஒரு சிறிய வரி தெரியும். அக்கா அந்த வரியைத்தான் அடிக்கடி பார்க்கிறார். அது நின்றுபோனால் தட்டுவதை நிறுத்திவிட்டு எனக்குச் செய்தி அனுப்புகிறார்.

போன வாரமும் ஒரு குரல்பதிவு வந்தது. விதிமுறைகள் புதிய தாவலில் திறக்கும்படி செய்தேன் அல்லவா, அந்தப் பழக்கத்தில் அக்கா ஒரே குடும்பத்தின் படிவத்தையும் இரண்டு தாவலில் திறந்து வைத்திருக்கிறார். இரண்டும் மாறி மாறித் தங்கள் வரைவைச் சேமித்துக்கொண்டே இருந்திருக்கின்றன.

"தம்பி, ஒரே ஆளுக்கு ரெண்டு வரைவு இருக்கு. ஒண்ணுல வாடகை 450 வெள்ளி, இன்னொண்ணுல 540. நீ ஒண்ணும் பதறாத. எது சரின்னு 555-ல பார்த்துக்கிட்டேன்."